நாற்காலியில் தொங்கிய கோட்டு

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது பாதுகாப்புப் பயிற்சி அதிகாரியாக இருப்பவள். தில்லி ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், கேட்லயே கார்டு மெஷின் வந்தாச்சு. யார் உள்ள இருக்காங்க, யார் வெளிய போனாங்கன்னு கம்ப்யூட்டரே லிஸ்ட் குடுத்துடும். அப்புறம் எதுக்கு ஃபயர் டிரில்ல ஒவ்வொரு நேமா கூப்பிட்டு மூஞ்சியப் பாக்கணும்னு எழுதி வச்சிருக்கீங்க? டைம் வேஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்க."

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். "தமிழ்லயா? எனக்குப் படிக்க வராதே" என்றாள். உன் அம்மா படித்துச் சொல்லட்டும் என்று வைத்துவிட்டேன். ஆகவே இது முதலில் அந்த அம்மாளுக்கு, பிறகு அவர் மகளுக்கு.

பாதுகாப்பு அதிகாரி வேலை ஒரு விசித்திரமான வேலை. ஒன்றும் நடக்கவில்லை என்றால் "இவனுக்கு எதுக்குச் சம்பளம்" என்பார்கள். ஏதாவது நடந்துவிட்டால் "இவன் எதுக்கு இருந்தான்" என்பார்கள். இரண்டு பேச்சையும் இருபத்துமூன்று வருடம் கேட்டேன். ஆனாலும் நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன். என் கணக்கில் ஓர் ஆள்கூடக் குறையவில்லை. குறைந்திருக்க வேண்டிய ஒரு நாள் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கோவில்பட்டியிலிருந்து விமானப்படைக்குப் போனவன் நான். பதினைந்து வருடம் ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டியோடு நின்று, ஓய்வு பெற்று, லோதி ரோடு பக்கம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தேன். ஆறு வாரம் பயிற்சி. அதில் பாதி ஃபைல், பாதி வெயில். எனக்கு உண்மையில் வேலை கற்றுக் கொடுத்தது எங்கள் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி நேகி சாகிப்.

நேகி சாகிப் கட்வால் மலைக்காரர், ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்கட்டி இருக்கும். புதிதாகச் சேர்ந்த காவலர்கள், அதிகாரிகள் எல்லோருக்கும் பத்து நாள் வகுப்பு எடுப்பார். முதல் நாளே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு மாடிப்படிக்கு அழைத்துப் போய்க் கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார். படியை எண்ணிக்கொண்டே ஏற வேண்டும். தரையிலிருந்து மூன்றாம் மாடிக்கு அறுபத்தாறு படி. இன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

புகை நிறைந்த அறைக்குள் தவழ்ந்து போக வேண்டும். வலப்பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனால், இடப்பக்கம் அதே சுவரைத் தொட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். சுவரைப் புறங்கையால்தான் தடவ வேண்டும். மின்கம்பி பட்டால் கை தானாகச் சுருங்கும்; உள்ளங்கையால் தொட்டிருந்தால் சுருங்குகிற கை கம்பியைப் பிடித்துக்கொண்டுவிடும். ஒருவர் தனியாகப் போகவே கூடாது, இரண்டு பேர்தான். போகிறவர் தன் பித்தளை வில்லையைக் கழற்றி வாசலில் நிற்பவரிடம் தர வேண்டும். அவர் அதைப் பலகையில் மாட்டி, உள்ளே போன நேரத்தை எழுதுவார். வில்லை பலகையில் தொங்குகிறவரை ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

ஒவ்வொரு நாளும் வகுப்பு முடியும்போது நேகி சாகிப் ஒரே கேள்வியைக் கேட்பார். "கித்னே அந்தர், கித்னே பாஹர்?" உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர். ஒத்திகையில் யாராவது ஓர் ஆளை எண்ணாமல் விட்டுவிட்டால் திட்டமாட்டார். கரும்பலகையில் அந்த ஆளின் பெயரை எழுதுவார். அவனையே கூப்பிட்டு மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் கேட்டு அதன் கீழே எழுதுவார். எழுதி முடித்துத் தவறு செய்தவனைப் பார்ப்பார். ஒரு மண்டகப்படி வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

இனி கோட்டுக்கு வருகிறேன்.

தில்லி குளிர்காலத்தில் அரசாங்க அலுவலகங்கள் பாதி புல்வெளியில்தான் நடக்கும். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே வேர்க்கடலை, ஆரஞ்சு, சீட்டுக்கட்டு, ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி. அது போக, அசலாகவே காணாமல் போகிறவர்களும் உண்டு. ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜையில் ஒரு ஃபைலைத் திறந்து, அதன்மேல் கண்ணாடிக் கூட்டை வைத்து, நாற்காலி முதுகில் கோட்டை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதிகாரி வந்து கேட்டால் பக்கத்து சீட்டுக்காரர், "இப்பதான் எழுந்து போனார் சார், கோட்டு இருக்கே" என்பார். இந்தக் குளிரில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு எவனாவது வெளியே போவானா என்பதுதான் இதன் பலம். போகிறவர்களிடம் இரண்டு கோட்டு உண்டு. போட்டுக்கொள்ள ஒன்று, நாற்காலிக்கு ஒன்று.

மூன்றாம் மாடி பதிவேட்டுப் பிரிவில் சாம்பசிவம் என்று ஒரு மாயவரத்துக்காரர் இருந்தார். நிஜப் பெயர் வேறு. ஏன் மாற்றினேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். ஆர்.கே.புரத்தில் எங்களுக்கு இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருந்தார். இருவரும் ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில்தான் ஆபீசுக்குப் போவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். கிருத்திகை நாள். பஸ்ஸில் சாம்பசிவம் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே தேங்காய், பால் தூக்கு.

"என்ன சார், மலை மந்திர் முருகனைப் பாக்கவா? கோயில் வீட்டுப் பக்கம் இருக்கு, பஸ் எதிர்த்திசையில போகுதே" என்றேன்.

"பத்து மணி அபிஷேகம் சார். கையெழுத்துப் போட்டுட்டு ஆட்டோ பிடிச்சு வந்துட வேண்டியதுதான். லீவு மிச்சமில்ல. பன்னண்டரைக்கு உங்க டிரில் இருக்குன்னு சர்க்குலர் பாத்தேன், அதுக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் ஆபீச கோட்டு பாத்துக்கும்."

நான் சிரித்தேன். "எனக்கும் சேத்து வேண்டிக்கிடுங்க" என்றேன். ஊருக்கெல்லாம் தலையை எண்ணச் சொல்லித் தருகிற ஆசாமி, ஒரு தலை குறையப்போவதைக் காலையிலேயே கேட்டுச் சிரித்திருக்கிறேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று நேகி சாகிப் அமைச்சகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்தான் பொறுப்பு. பத்து நாள் வகுப்பில் ஏழாவது நாள். பதினோரு பேர் பயிற்சியில் இருந்தார்கள். அவர்களில் ராம்பால் என்று ஒருவர். ரோத்தக் பக்கத்து ஆள், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து புதிதாக எங்களிடம் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயது. அதிகம் பேசமாட்டார், சொன்னதை ஒரு தடவைக்கு மேல் சொல்ல வைக்கமாட்டார்.

பன்னிரண்டு பத்துக்கு மணி அடித்தது. எல்லோரும் டிரில்தான், இருபது நிமிடம் முன்னாலேயே வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சாவகாசமாக இறங்கினார்கள். கையில் டீ கிளாஸோடு வந்தவர்களும் உண்டு. எனக்கு மட்டும் தெரியும், இது டிரில் இல்லை. மணி அடிக்க நான் சொல்லவில்லை.

மூன்றாம் மாடிப் பதிவேட்டு அறையில் யாரோ மேஜைக்குக் கீழே வைத்திருந்த ராட் ஹீட்டர், பழைய ஃபைல் கட்டைப் பற்றவைத்திருக்கிறது. வீட்டிலிருந்து ஹீட்டர் கொண்டுவரக் கூடாது என்று எத்தனை சர்க்குலர் போட்டோம். சர்க்குலரையும் அந்தக் கட்டில்தான் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, புல்வெளியில் மாடிவாரியாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டேன். மூன்றாம் மாடியில் கையெழுத்து நாற்பத்தாறு.

"சாம்பசிவம்."

"ஹாஜிர்" என்று ஒரு குரல் வந்தது. பக்கத்து சீட்டு குப்தா.

"குரல் வேண்டாம் குப்தாஜி, முகத்தைக் காட்டச் சொல்லுங்கள்" என்றேன்.

குப்தா இது டிரில் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். "எனக்குப் பின்னாலதான் வந்துகொண்டிருந்தார் சாப். கோட்டு நாற்காலியிலேயே இருக்கு, அதை எடுக்கத் திரும்பிப் போயிருப்பார்" என்றார். நண்பனுக்காகச் சொன்ன ஒரு சின்னப் பொய். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடி உடைந்து கரும்புகை வெளியே வந்தது. குப்தா முகம் வெளிறிப்போனது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேருக்கும் மெமோ வரும். மனிதர் பின்னால் நகர்ந்து கூட்டத்துக்குள் போய்விட்டார்.

காலையில் பஸ்ஸில் கேட்ட பேச்சு எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை. கோட்டு இருக்கிறது என்றதும் ஆள் இருக்கிறான் என்றே என் மூளையும் எடுத்துக்கொண்டது. இத்தனை வருடம் தில்லியில் இருந்தால் அப்படி ஆகிவிடும்.

எங்களிடம் பி.ஏ. செட் என்று சொல்லும் மூச்சுக் கருவி இரண்டு இருந்தது. முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க். அதில் ஒன்றின் சிலிண்டர் காற்று நிரப்பப் போயிருந்தது. இருந்தது ஒன்றுதான். இரண்டு பேருக்குக் குறையாமல் போகக் கூடாது என்பது விதி. உள்ளே ஓர் ஆள் கிடக்கிறான் என்பது என் நம்பிக்கை. தீயணைப்பு வண்டி எங்கோ டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தது.

ராம்பால் செட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்துவிட்டார். நான் இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை. அவர் வில்லையைக் கழற்றி என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அதுதான் என் உத்தரவு.

இடுப்பில் கயிறு கட்டி அனுப்பினேன். மூன்றாம் மாடிப் படி வாசலில் நான் கயிற்றோடு நின்றேன். மூன்று இழுப்பு இழுத்தால் திரும்பி வா என்று அர்த்தம். பலகையில் நேரம் எழுதினேன். பன்னிரண்டு இருபத்துமூன்று. பதற்றத்தில் மூச்சு வேகமாகப் போனால் அந்தக் காற்று இருபது நிமிடம் வரும்.

கயிறு மெள்ள மெள்ள உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். புகை கதவுக்கு மேல்விளிம்பில் புரண்டு வெளியே வந்தது. சாம்பசிவத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, மடியில் பை. மஞ்சள் பை.

அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. அபிஷேகம், ஆட்டோ, ஆபீசைக் கோட்டு பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொன்னது, நான் சிரித்தது.

உடனே ராம்பாலைக் கூப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவேன் என்று சொன்னவர், ஒருவேளை வந்திருந்தால்? குப்தா சொன்னது நிஜமாக இருந்தால்? இல்லாத ஆளைத் தேடி ஒருவனைச் சாகவிடவும் கூடாது, இருக்கிற ஆளை உள்ளே விட்டுவிட்டு ஒருவனைத் திரும்பக் கூப்பிடவும் கூடாது. சாம்பசிவம் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் எதுவும் செய்ய முடியும்.

கயிற்றைப் பயிற்சிக்கு வந்த இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினேன். அறுபத்தாறு படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே தெரு முழுக்கக் கூட்டம். வேடிக்கை பார்க்க தில்லியில் ஆள் பஞ்சமில்லை. கோயிலிலிருந்து திரும்பி வந்திருந்தாலும் அவர் எனக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே நிற்பதே குற்றத்துக்குச் சாட்சி. மெகாபோனை வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலிமேல் ஏறித் தமிழில் பேசினேன். எங்கள் ஊர்த் தமிழ்தான் வந்தது.

"சாம்பசிவம் சார், நான்தான் பேசுதேன். நீங்க கோயிலுக்குப் போனது எனக்குத் தெரியும். வெளிய எங்கயாவது நின்னுக்கிட்டிருந்தா கையத் தூக்குங்க. உங்க மேல ஒரு காயிதம் வராது, நான் பொறுப்பு. உங்க பேர எங்கயும் எழுத மாட்டேன். உங்களத் தேடி ஒரு ஆளு உள்ள போயிருக்கான் சார். அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. கையத் தூக்குங்க."

இயக்குநர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதராசிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் கூட்டத்தின் மேலே கண்ணை ஓட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை நொடி என்று சொல்லத் தெரியவில்லை. எதிர்ப்புற நடைபாதையில் வேர்க்கடலை வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பை மேலே போனது. பையோடு சேர்த்துக் கை.

"இங்க இருக்கேன் சார்" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

மூன்று இழுப்பு இழு என்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டே மறுபடியும் படி ஏறினேன். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர், "மூணு தடவை இழுத்தாச்சு சாப், பதில் இல்ல" என்றார். இழுத்துப் பார்த்தேன். கயிறு எங்கோ ஸ்டீல் பீரோ காலில் சுற்றிக்கொண்டு விறைத்து நின்றது. பலகையைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தாறு. விசிலை எடுத்து, விட்டுவிட்டு, விட்டுவிட்டு ஊத ஆரம்பித்தேன். எதுவாக இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே வா என்பதற்கான விசில் அது. ஊதி ஊதிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே அவருடைய செட்டில் காற்று தீரப்போகிறது என்று சொல்லும் ஒலி கேட்டது. கேட்டது என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது. ஆள் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்.

வாசல் புகைக்குள் முதலில் ஓர் இடது கை தெரிந்தது. புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. பிறகு ராம்பால். கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சுவரைப் பிடித்தே வந்திருக்கிறார். மாஸ்க்கைக் கழற்றி, படியில் உட்கார்ந்து இருமினார். அவர் அக்குளில் எதையோ இடுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லா மேஜைக்கும் கீழ தேடிட்டேன் சாப். ஆள் இல்ல. இது மட்டும்தான் இருந்தது" என்று நீட்டினார். சாம்பசிவத்தின் கோட்டு. நாற்காலிக்கான கோட்டு.

ஆள் வெளியே இருக்கிறார் என்றேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். ராம்பால் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அச்சா ஹுவா" என்றார். நல்லதாயிற்று. அவ்வளவுதான். பலகையிலிருந்து வில்லையை எடுத்து அவர் கையில் வைத்தபோது அது நழுவிக் கீழே விழுந்து இரண்டு படி உருண்டது. அந்தச் சத்தம்போல ஒரு சந்தோஷமான சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தார்கள். பீரோக்களும் ஃபைல்களும் போயின. மனிதர் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

மாலை நேகி சாகிப் வந்து, "கித்னே அந்தர், கித்னே பாஹர்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸில் சிரித்தது உட்பட. அவர் எழுந்து கரும்பலகையில் ராம்பால் என்று எழுதினார்.

"பெண்கள் பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்கள் என்று விண்ணப்பத்தில் படித்திருந்தேன், பெயர் படிக்கவில்லை. ராம்பாலைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினார். சுனிதா, பபிதா. பிறகு அவரே துடைத்தார்.

நான் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்டேன். பெயர் கூப்பிட்ட தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "இது நிர்வாகத்தின் காகிதம் இல்லை, என் காகிதம்" என்றார். "இதைக் காட்டி யாருக்காவது மெமோ கொடுத்தால், அடுத்த தடவை ஒருவனும் கையைத் தூக்கமாட்டான்." அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் அது வழக்கமாயிற்று. டிரில்லில் எடுத்த கணக்கு ஆபீஸ் கணக்குக்குப் போகாது. எங்கே போயிருந்தாய் என்று எவரும் கேட்கமாட்டோம். முகத்தை மட்டும் காட்டு.

என்னை அவர் தண்டிக்காமல் விடவில்லை. அடுத்த வகுப்புக்கான பெயர்ப் பட்டியலில் பத்துப் புதியவர்களுக்குக் கீழே என் பெயரும் இருந்தது. பத்து நாளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு படி ஏறினேன். வீட்டில் என் மனைவி, "புரமோஷன்லா எதிர்பாத்தோம், திரும்ப ஒண்ணாங்கிளாசுலயா போட்டுட்டாக?" என்றாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வேலை போகவில்லை, ஆள் போகவில்லை, ராத்திரி தூக்கம் வந்தது. வேறென்ன வேண்டும்.

சாம்பசிவம் அதற்கப்புறம் கிருத்திகைக்கு ஒழுங்காக லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். குப்தா ஒரு வருடம் என்னை நேருக்கு நேர் பார்க்கவில்லை. பிறகு ஒரு டிரில்லில் யாருக்கோ வேறொருவர் "ஹாஜிர்" சொன்னபோது, "பாய், முகத்தைக் காட்டச் சொல்" என்று முதலில் அதட்டியது அவர்தான்.

எனக்கு ஜனவரி கடைசி நாளில் ஓய்வு. நேகி சாகிப் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. வகுப்புகளை ராம்பால் நடத்திக்கொண்டிருந்தார். அப்போதே கார்டு மெஷின் பேச்சு வந்துவிட்டது. ஒரு வாரம் சோதனைக்கு வைத்தார்கள். மூன்றாம் நாளே ஒரே ஆள் நான்கு கார்டைத் தேய்ப்பதைப் பார்த்தேன். மகளே, உன் கேள்விக்கு இதுவும் பதில். கார்டு என்பது கழுத்தில் தொங்குகிற கோட்டு.

கடைசி நாள் கழுத்தில் மாலை போட்டு, பேசி, சமோசா சாப்பிட்டு முடித்தார்கள். வெளியே நல்ல வெயில். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கேட் வரை வந்துவிட்டேன். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். ராம்பால். மூச்சு வாங்கிக்கொண்டு என் கோட்டை நீட்டினார். நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"இதை மேலே தொங்கவிட்டுப் போகாதீங்க சாப்" என்றார். "அப்புறம் உங்களைத் தேடி நான் உள்ள போகணும்."

இரண்டு கையையும் நுழைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் வெளியே வந்தேன்.